ஒரே வருஷத்தில் இரண்டு மார்ச் முப்பத்தொன்று

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஆடிட்டர் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் பையன்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "ஓய்வு பெற்ற மூத்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. யாரடா அந்த மூத்தவர் என்று நானும் ஆவலாகப் பார்த்தேன். கீழே என் பெயர்தான் இருந்தது: கலியபெருமாள், பூவம். எனக்கு வயது முப்பத்திரண்டு. தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. காரைக்காலில் ஓர் ஆடிட்டரிடம் பதினோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, போன வருஷம் மச்சானோடு சேர்ந்து மீன் வண்டி ஓட்டப் போனேன். அவ்வளவுதான். இதற்கு ஓய்வு என்று பெயர் வைத்த பாவிகள் பென்ஷனையும் சேர்த்துத் தந்தால் நன்றாக இருக்கும்.

முதல் நாள் எழுத உட்கார்ந்தேன், தூக்கம் வந்தது. இரண்டாம் நாள் உட்கார்ந்தேன், மச்சான் கூப்பிட்டான். மூன்றாம் நாள் "போங்கடா" என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் குழுவில் ஒரு பொடியன் இன்னொரு செய்தி போட்டான். புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது அல்லவா? 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று இரண்டு பெயர் வைத்துக்கொண்டு எங்களைப் படுத்தியதெல்லாம் முடிந்து, இனிமேல் 'வரி ஆண்டு' என்று ஒரே பெயர்தான். அதற்கு அவன் எழுதியிருந்தான்: "இனிமே வருஷம்னா வருஷந்தான். கொழப்பமே இல்ல."

படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வருஷம் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டதாக நினைக்கிறவன் ஆபத்தானவன். நான் அப்படி நினைத்த ஒரு மத்தியானத்தில்தான் ஓர் அம்மாவின் இடுப்பிலிருந்து சமையலறைச் சாவி பறிபோனது. அதனால் எழுதுகிறேன். பொடியன்களே, கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. பத்தாவதில் கணக்கில் பெயிலானவன் நான். அப்படிப்பட்டவனை ஆடிட்டர் ஆபீஸில் சேர்த்துவிட்ட என் மாமாவின் தைரியத்தை இன்றுவரை ஊரில் பேசுகிறார்கள். சார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "வண்டி ஓட்டத் தெரியுமா?" முதல் இரண்டு வருஷம் டீ, ஜெராக்ஸ், தபால். அடுத்த மூன்று வருஷம் கூட்டல். அதன்பிறகு கம்ப்யூட்டர். எட்டாவது வருஷத்தில், வருகிறவர்களிடம் "சார் பிஸியா இருக்காரு" என்று சொல்லும் அதிகாரம் எனக்கு வந்துவிட்டது. என்னோடு அதே மாதம் சேர்ந்தவன் பஷீர். டவுன்காரன், பி.காம். முடித்தவன். அவன் படித்தவன், நான் பேசத் தெரிந்தவன். ஆபீஸ் ஓடியது.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ராஜரத்தினம். ஒல்லியான மனிதர். யோசிக்கும்போது பேனா மூடியைப் பல்லில் வைத்து டக், டக் என்று கடிப்பார். திட்ட மாட்டார். அதுதான் கஷ்டம். எந்தக் கணக்குப் புத்தகம் வந்தாலும் திறப்பதற்கு முன்னால் அட்டைமேல் கையை வைத்துக்கொண்டு, "எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்?" என்று கேட்பார். பதில் வந்து, அந்த இரண்டு தேதியையும் முதல் பக்கத்தில் எழுதிய பிறகுதான் அட்டையைத் திறப்பார். இந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. நான் லீவு கேட்டாலும் அதே கேள்வி. காய்ச்சல் என்றாலும் அதே கேள்வி. ஒருமுறை பஷீர் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வெட்கத்தோடு சொன்னான். சார் நிமிர்ந்து பார்த்து, "எப்பலேர்ந்து?" என்றார். எப்ப வரைக்கும் என்று கேட்காமல் நிறுத்திக்கொண்டதற்கு நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

அந்தக் கேள்வி எங்கள் ஊருக்குத் தேவையானதுதான். இங்கே ஆளுக்கொரு வருஷம். அரசாங்கத்துக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மார்ச் கடைசி வாரத்தில் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் உட்கார இடம் இருக்காது. அத்தனை புது நாற்காலிகள் வந்து பிரிக்காமல் கிடக்கும். ஒதுக்கிய தொகையை முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவு செய்யாவிட்டால் அது திரும்பிப் போய்விடும், அதனால்தான். பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் வருஷம் பிறக்கும். பாத்திரக்கடைக்காரருக்குத் தீபாவளியில் பிறக்கும். என் அப்பாவுக்கு அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தால்தான் ஒரு வருஷம் முடிந்தது என்று அர்த்தம்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த அல்போன்ஸ் என்கிற பெரியவர் ஒருவர் எங்களிடம் வருவார். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்; சொல்தா பென்ஷன்காரர். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு 'ஐயா'வான முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பிரான்ஸிலிருந்து வரும் காகிதங்களெல்லாம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. நாங்கள் கேட்பதோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. வருஷா வருஷம் அந்தக் காகிதங்களை மாதம் மாதமாகப் பிரித்து இங்கே மூன்று, அங்கே ஒன்பது என்று ஒட்டுவது என் வேலை. அவர் எதிரில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருப்பார்.

"ஏன் சார், எங்க ஊர்ல வருஷம் ஜனவரி ஒண்ணு. உங்க ஊர்ல ஏப்ரல் ஒண்ணு. முட்டாள்கள் தினத்துல வருஷத்தத் தொடங்குற ஒரு கவர்ன்மெண்டுக்கு நான் எதுக்குக் கணக்கு காட்டணும்?"

சார் பேனா மூடியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "முசியே, பிரான்ஸ் கணக்குல உங்களுக்குப் புது வருஷம் பொறந்து மூணு மாசம் கழிச்சுத்தான் இந்தியாக் கணக்குல பொறக்குது. இங்க நீங்க மூணு மாசம் சின்னவரு. சந்தோஷமா கையெழுத்துப் போடுங்க."

அல்போன்ஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, "இவன் மட்டும் எந்தக் கணக்குலயும் வளர மாட்டான்" என்றார். அது அநியாயம்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

போலகம் பக்கத்தில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடம். அங்கே தினமும் மத்தியானம் முப்பது பெரியவர்களுக்குச் சாப்பாடு. எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. டோக்கன் இருந்தால் இலை. இதற்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்றால், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். நிலம் உள்ளவர்கள் மூட்டையாகவே கொடுப்பார்கள். ஈஸ்டருக்கு முதல்நாள் சனிக்கிழமை எல்லாம் வந்து சேர்ந்து கூடம் நிரம்பிவிடும். அன்றைக்கே மூட்டைகளை எண்ணிக் கமிட்டி கணக்கை முடித்துவிடும். ஈஸ்டர் ஞாயிறு அன்று புதுக் கணக்கு. அதாவது அவர்கள் வருஷம் ஈஸ்டரிலிருந்து ஈஸ்டருக்கு. அரிசி வந்து சேரும் நாளில் அரிசிக் கணக்கை முடிப்பது எங்கள் அப்பாவே ஒப்புக்கொள்ளும் நியாயம்தான்.

கோயிலின் மற்றக் கணக்கெல்லாம் முறைப்படி மார்ச்சில் முடிந்துவிடும். இந்த அரிசிக் கணக்கு மட்டும் தனி. சார் இதற்குக் கூலி வாங்க மாட்டார். கூலி இல்லாத வேலை என்பதால் என்னிடம் வரும்.

போன வருஷம், 2025 மே மாதம். சார் ஒரு விசாரணைக்காகப் பாண்டிச்சேரி போயிருந்தார். பஷீர் அவன் அக்கா மகள் நிக்காஹ்வுக்குப் போயிருந்தான். ஆபீஸில் நான் தனி ராஜா. அரிசிக் கணக்கை எடுத்தேன். கடந்த மூன்று வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓர் ஒப்பீடு செய்யலாமே என்று எனக்கே ஒரு யோசனை வந்தது. பெரிய ஆடிட்டர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

முதல் வருஷம் செலவான அரிசி 1,785 கிலோ. இரண்டாம் வருஷம் அச்சில் வார்த்த மாதிரி அதே 1,785 கிலோ. மூன்றாம் வருஷம் 1,925 கிலோ. நூற்று நாற்பது கிலோ கூடுதல். இருபத்தைந்து கிலோ மூட்டையில் ஐந்து மூட்டையும் பதினைந்து கிலோவும். சாப்பிடுகிறவர்கள் அதே முப்பது பேர்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நானே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். "கூடுதல் 140 கிலோ. காரணம் கேட்கப்பட வேண்டும்" என்று டைப் அடித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

எனக்கும் பஷீருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் போட்ட கணக்கை இன்னொருவன் சரிபார்க்க வேண்டும். உண்மையாகவே படித்தானா, சும்மா டிக் அடித்தானா என்று எப்படித் தெரியும்? அதனால் போட்டவன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கிண்டல் எழுதி வைப்பான். சரிபார்க்கிறவன் அதைப் படித்துச் சிரித்துவிட்டு ரப்பரால் அழிப்பான். கிண்டல் அழிந்திருந்தால் கணக்குப் பார்த்தாகிவிட்டது என்று பொருள். சாருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

அங்கே சமைக்கிற பிலோமினா அக்கா வீட்டில் கோழி வளர்ப்பது எனக்குத் தெரியும். முட்டை வாங்கியிருக்கிறேன். பென்சிலை எடுத்து எழுதினேன்: "பிலோமினா அக்கா வீட்டுக் கோழிக்கும் டோக்கன் உண்டா?"

எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டு, பஷீர் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். பஷீர் வருவதற்கு முன்னால் சார் வந்தார். மாதக் கடைசி. பஷீர் மேசையில் இருந்த காகிதங்களையெல்லாம் பார்த்து முடித்தது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டார். கமிட்டிச் செயலாளர் ஆரோக்கியசாமி அய்யா வந்து தன் காகிதத்தை வாங்கிக்கொண்டு, வழியிலேயே பத்து ஜெராக்ஸ் எடுத்தார். பென்சில் எழுத்து ஜெராக்ஸில் எப்படி வரும் தெரியுமா? அச்சு மாதிரி, கன்னங்கரேலென்று வரும்.

பத்து நாள் கழித்து ஆபீஸ் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இங்க கலியபெருமாளுங்கிறது யாரு?"

பஷீர் விஷயம் தெரியாமலே என்னைக் காட்டிக்கொடுத்தான். பிலோமினா அக்கா உள்ளே வந்து, கையிலிருந்த கட்டைப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். கால் கட்டிய ஒரு பெட்டைக்கோழி ஃபைல்கள்மேல் விழுந்து கத்தியது.

"இந்தாங்க. கோயில் அரிசி தின்ன கோழி. வயித்த அறுத்துப் பாத்துட்டு எத்தன கிலோன்னு எழுதிக் குடுங்க."

"அக்கா, என்னக்கா இது..."

"எது என்னக்கா? ஏழு வருஷமா அந்த அடுப்புல வெந்தவ நானு. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் எல்லாரயும் உக்கார வெச்சு அந்தாளு வாசிக்கிறாரு, 'கோழிக்கும் டோக்கன் உண்டா'ன்னு. ஆடிட்டர் ஆபீஸ்லயே எழுதிப்புட்டாங்கன்றாரு. சாவிய அங்கேயே வாங்கிக்கிட்டாங்க. எம் மருமவ முன்னாலங்க! ஊரு முன்னாலன்னாக்கூடப் பரவால்ல. மருமவ முன்னால!"

சார் அறையிலிருந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். "பஷீரு, கோழிக் கால அவுத்துட்டுத் தண்ணி வையி." பிறகு அந்த ஜெராக்ஸை வாங்கி முழுவதும் படித்தார். ஓரத்தையும் படித்தார்.

"இது யாரு எழுத்து?"

"என்னுது சார்."

"கீழ யாரு கையெழுத்து?"

"உங்களுது சார்."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் எழுதியிருக்கோம்" என்றார். ஒரு அறை கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "அம்மாவ வண்டியில ஏத்திக்கிட்டுப் போ. அடுப்படியப் பாத்துட்டு வா."

போனேன். பின்னால் பிலோமினா அக்கா, அவர் மடியில் கோழி. வழியெல்லாம் இரண்டு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே வேறொரு சோதனை. சமையலுக்கு ஆள் கிடைக்காமல் கமிட்டி ஆண்கள் முறை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, நீதான் கண்டுபுடிக்க வந்தியா? சீக்கிரம் கண்டுபுடிப்பா. நேத்து சாம்பார்ல கரண்டி தானா நிமுந்து நின்னுச்சு."

ஆரோக்கியசாமி அய்யா சாவியோடு வந்தார். நல்ல மனிதர்தான். ரிட்டையரான தலைமை எழுத்தர். காகிதத்தில் இருந்தால் அது உண்மை என்று வளர்ந்தவர். "ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லப்பா. நல்லா பாத்துக்க" என்றார்.

அரிசி அளக்கும் பாத்திரத்தை எடுத்து நிறுத்தேன். சரியாக ஐந்து கிலோ. தினமும் தலைதட்டி ஒரு பாத்திரம்தான் என்று பரிமாறுகிற பெண்களும் சொன்னார்கள். மூட்டைகளை எண்ணினேன். இருப்பு சரி. எங்கும் ஓட்டை இல்லை. அப்படியானால் அரிசி திருடு போயிருக்க வேண்டும், அல்லது யாரோ பொய் சொல்கிறார்கள். அக்கா கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் ரசீதுகள். டவுனில் ஒரு வியாபாரி சிலிண்டர் உபயம் கொடுக்கிறார். அதனால் அது கமிட்டிக் கணக்கில் வராது. அக்கா மட்டும் ஒன்று விடாமல் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒரு சிவப்பு நூல் கட்டிப் பிரித்திருந்தார். எண்ணினேன். முதல் வருஷம் ஐம்பத்தொன்று. இரண்டாம் வருஷம் ஐம்பத்தொன்று. மூன்றாம் வருஷம் ஐம்பத்தைந்து.

"அய்யா, கோழி அரிசி திங்கும். கேஸும் குடிக்குமா?" என்று கேட்டேன்.

ஆரோக்கியசாமி அய்யா சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அடப்பாவி, நாலு சிலிண்டரும் போயிருக்கா!" என்றார்.

பிலோமினா அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் காப்பாற்ற வந்தவன் அவர் கணக்கில் நான்கு சிலிண்டரையும் ஏற்றிவிட்டேன்.

"எத்தன நாளைக்கு ஒரு சிலிண்டர் வருங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாரத்துக்கு ஒண்ணு. ஞாயித்துக்கெழம மாத்துவேன். ஒரு நா முந்தாது, ஒரு நா பிந்தாது. சீட்டுல தேதி இருக்குல்ல, பாரு."

பார்த்தேன். உண்மைதான். எந்த வாரத்திலும் இரண்டு சீட்டு இல்லை. ஏழு நாள், ஏழு நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. அப்படியானால் ஐம்பத்தைந்து வாரம். பத்தாவதில் கணக்கில் பெயிலானவனுக்கும் ஒன்று தெரியும்: வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம்தான். ஐம்பத்தைந்து வாரம் எப்படி ஒரு வருஷத்துக்குள் புகுந்தது?

மூன்றாம் வருஷத்தின் முதல் சீட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். 31 மார்ச் 2024. கடைசி வாரத்துச் சீட்டு 13 ஏப்ரல் 2025.

சாருக்குப் போன் போட்டேன்.

"சார், எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்னு கேளுங்க சார்."

"சொல்லு" என்றார்.

"மூணாவது வருஷம், 2024 மார்ச் முப்பத்தொண்ணுலேர்ந்து 2025 ஏப்ரல் பத்தொம்பது வரைக்கும் சார். ஈஸ்டர் தேதிதான் வருஷா வருஷம் மாறுமே, இந்தத் தடவ தள்ளி வந்துருக்கு."

டக், டக் என்று பேனா மூடி. "எத்தன நாளு?"

"முந்நூத்தி எம்பத்தஞ்சு."

"முந்தின ரெண்டு வருஷம்?"

"ரெண்டுலயும் ஈஸ்டர் முன்னாடி முன்னாடி வந்துருக்கு சார். ரெண்டுமே முந்நூத்தி அம்பத்தேழு நாளு."

"வித்தியாசத்த அஞ்சால பெருக்கு."

இருபத்தெட்டை ஐந்தால் பெருக்கினேன். நூற்று நாற்பது. ஒரு மணி அரிசி குறையவில்லை, ஒரு மணி கூடவில்லை. திருடு போனது அரிசி இல்லை. நான்தான் இருபத்தெட்டு நாளைக் கணக்கில் பார்க்காமல் விட்டிருந்தேன். நீளம் வேறு வேறான மூன்று துணிகளைப் பக்கத்தில் விரித்துப் போட்டு, "இது மட்டும் ஏன் கூடுதல் விலை?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்" என்றார் சார். "கணக்க நான் சொல்லுறேன். கோழிய நீ சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சார் எழுந்து, மூன்று வருஷத்துக்கும் தேதி, நாள், கிலோ எல்லாம் பொறுமையாகச் சொன்னார். தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தப்பு என்றும் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் ஏறவில்லை.

"வருஷம்னா வருஷந்தானுங்களே சார்" என்றார் ஆரோக்கியசாமி அய்யா. "அதுல எப்புடிக் கூடக் கொறைய வரும்? அளந்து போட அதென்ன சோளமா, கம்பா?"

சார் என்னைப் பார்த்தார். சாருக்குத் தெரியாத பாஷையில் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. எழுந்தேன்.

"இங்க ஏப்ரல் மொத வாரத்துல பொறந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஆரோக்கியசாமி அய்யாவின் மனைவி குரல் கொடுத்தார். "இவுருதான்! அஞ்சாந்தேதி. கேக்கு வாங்கச் சொல்லி உசுர வாங்குவாரு."

கர்த்தரே என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக் காலண்டரையும் விரித்தேன்.

"அய்யா, நடு வருஷம் 2023 ஏப்ரல் ஒம்பதுல தொடங்குது. 2024 மார்ச் முப்பதுல முடியுது. அதுக்குள்ள ஏப்ரல் அஞ்சு எங்கருக்கு, காட்டுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். இல்லை.

"அடுத்த வருஷத்துல பாருங்க."

தேடினார். 2024 ஏப்ரல் ஐந்தில் விரல் வைத்தார். தாளைப் புரட்டி 2025 ஏப்ரல் ஐந்தில் இன்னொரு விரல் வைத்தார். இரண்டு விரலையும் எடுக்காமல் அப்படியே நின்றார்.

"உங்க கமிட்டிக் கணக்குப்படி ஒரு வருஷம் நீங்க பொறக்கவே இல்ல. அடுத்த வருஷம் ரெண்டு தடவ பொறந்துட்டீங்க. மார்ச் முப்பத்தொண்ணும் அதுல ரெண்டு தடவ வந்துருக்கு. ரெண்டு கேக்கு தின்னுட்டு, அரிசி மட்டும் ஒரு வருஷத்துதான் ஆவணும்னா எப்புடிங்கய்யா?"

கூடமே சிரித்தது. சாம்பாரில் பாதிக்கப்பட்ட பெரியவர்தான் முதலில் கை தட்டினார். ஆரோக்கியசாமி அய்யாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பிலோமினா அக்காவிடம் போய், "தப்புதாம்மா. வாங்கிக்க" என்றார்.

அக்கா கையை நீட்டவில்லை.

"கணக்குக்குப் பதிலு வந்துருச்சு. கோழிக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் அந்த நேரத்துக்குக்கூட ஒரு கிண்டல் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை முழுங்கினேன்.

"அது நான் வெளாட்டுக்கு எழுதுனதுங்க. யாரும் சொல்லி எழுதல, எதயும் பாத்து எழுதல. எம் பக்கத்துல இருக்கிறவன் சிரிக்கணும்னு எழுதுனேன். அக்கா ஒரு மணி அரிசி எடுக்கல. தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்கங்க."

"சத்தமா சொல்லு. எம் மருமவ கடைசியில உக்காந்துருக்கா."

சத்தமாகச் சொன்னேன். மருமகள் கேட்டுவிட்டதாகத் தலையாட்டியதும் அக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அப்படியே நேராக அடுப்படிக்குப் போய், அன்றைக்குச் சமையல் முறையாக இருந்த கமிட்டி உறுப்பினரை வெளியே அனுப்பினார்.

அதன்பிறகு கமிட்டி கூடிப் பேசி, அரிசிக் கணக்கையும் மார்ச் முப்பத்தொன்றிலேயே முடித்துவிடுவது என்று தீர்மானித்தது. பழைய ஆட்கள் சிலருக்கு மனசில்லை. ஈஸ்டருக்குத் தகுந்த மாதிரி அரிசி ஒரு வருஷம் இந்தப் பக்கமும் ஒரு வருஷம் அந்தப் பக்கமும் போய் விழும் என்றார்கள். அது உண்மைதான். எந்தத் தேதியில் வெட்டினாலும் ஏதாவது ஒன்று இரண்டாக அறுபடும். ஒவ்வொரு வருஷமும் ஒரே நீளத்துக்கு வெட்டினால் ஒப்பிடவாவது முடியும் என்று சார் சொன்னார். மாறுகிற அந்த முதல் வருஷம் மட்டும் ஈஸ்டரில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் 346 நாள்தான் இருக்கும், அதைத் தலைப்பிலேயே பெரிதாக எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டு மாதத்தில் நான் வேலையை விட்டேன். கோழிக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று பஷீர் பரப்பிக்கொண்டிருக்கிறான். அது பொய். மச்சான் வண்டி வாங்கினான், அவ்வளவுதான். போகிறேன் என்று சொன்னபோது சார், "எப்பலேர்ந்து?" என்றார். சொன்னேன். எப்ப வரைக்கும் என்று என்னிடமும் கேட்கவில்லை.

இந்த ஏப்ரலில் அந்தக் குறை வருஷத்துக் கணக்கைப் பஷீர்தான் போட்டான். "346 நாட்கள் மட்டும்" என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டானாம். யார் தலைப்பைப் படிக்கிறார்கள்? போன வாரம் வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா போன் பண்ணினார்.

"தம்பி, கலி! இன்னக்கிக் கோயில்ல எனக்குக் கை தட்டுனாங்கப்பா. போன வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவத்தஞ்சு, இந்த வருஷம் ஆயிரத்து எழுநூத்தி முப்பதுதானாம். நூத்தித் தொண்ணூத்தஞ்சு கிலோ மிச்சம் புடிச்சிருக்கேனாம். அந்த ஆரோக்கியசாமியே எழுந்துருச்சு, இப்புடி ஒரு சிக்கனத்த நான் பாத்ததில்லன்றாரு. நான் எப்பயும் போலத்தான் போட்டேன். எப்புடி மிஞ்சுச்சுன்னே தெரியல. எம் மருமவ எழுந்து நின்னு தட்டுனா!"

முப்பத்தொன்பது நாள் குறைவாகச் சமைத்தால் அரிசி மிஞ்சாமல் என்ன செய்யும்? அரை மனசோடு வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன். கணக்கு என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஊர் முன்னால் நின்றவன் நான். இப்போது வாயை மூடிக்கொண்டால் அதுவும் தப்புத்தானே என்று யோசித்து யோசித்து, கடைசியில் பஷீருக்கு எழுதிக் கேட்டேன்: "நாளைக்குப் போயி, அது சிக்கனமில்ல, கொற வருஷம்னு சொல்லிப்புடவாடா?"

உடனே பதில் வந்தது.

"சொல்லாதடா, ஒரு வருஷமாச்சும் அந்தம்மா ஒண்ணுமே செய்யாம நல்ல பேரு வாங்கிட்டுப் போவட்டும்."